ஐயா முகத்துக் கட்டங்கள்

மனித அறிவின் நெடும்பயணத்தில் ஒரு சில நாட்களே யுகங்களைப் பிரிக்கின்றன. நெருப்பு பிடிபட்ட நாள், சக்கரம் உருண்ட நாள், எழுத்து பிறந்த நாள். நார்த்தாமலைக்குச் சற்றுத் தள்ளி, திருச்சி சாலையை ஒட்டியிருக்கும் சோலையப்பன் நினைவுக் கலை அறிவியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்துக்குத் தாளாளர் ஆத்மநாதன் வந்து நின்ற நாளும் அந்த வரிசையில் சேரும். பிறகு நடந்த வெளியீட்டு விழாவின் அழைப்பிதழில் அப்படித்தான் அச்சாகியிருந்தது.

அன்று அவர் வந்தது ஏசி ஓடுகிறதா என்று பார்க்க. ஓடவில்லை. கணினி விரிவுரையாளர் ஷர்லியின் திரையில் ஒரு சன்னல் திறந்திருந்தது. அதற்குள் ஆறு பத்தி, இருபது வரிசை, எல்லாம் வெற்றுக் கட்டங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கான செய்முறைப் பயிற்சி.

"என்னம்மா இது, எக்ஸெலா?"

"எக்ஸெல் மாதிரி சார். மாதிரிதான். பசங்களுக்குப் பைத்தான்ல சொல்லிக் குடுக்குறதுக்கு…"

"நாமளே செஞ்சதா?"

"ஆமா சார். சும்மா கட்டம்தான். கூட்டக்கூடத் தெரியாது அதுக்கு."

ஆத்மநாதன் முதல்வர் பிரகதீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். சீக்கிரமே தரமதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. 'புதுமைகள்' என்ற தலைப்பின் கீழ்க் கல்லூரி அதுவரை காட்டக்கூடியதாக இருந்தவை ஒரு மழைநீர்த் தொட்டியும் யோகா தினமும்தான்.

"பாத்தீங்களா மேடம், அமெரிக்காக்காரன் செஞ்சத இந்தப் பொண்ணு இங்கிட்டு உக்காந்து செஞ்சிருக்கு!"

"அவ்வளவெல்லாம் இல்ல சார்…" என்று ஷர்லி தொடங்கினாள். பிரகதீஸ்வரி அவள் காலை மிதித்தார்.

"கூட்ட வையி, சேமிக்க வையி. குழு வர்றப்ப வெளியிடுவோம். இத உருவாக்குனவங்களுக்கு மேடையிலேயே நிரந்தர வேலை ஆர்டர்" என்றார் ஆத்மநாதன்.

ஷர்லி அதற்குப் பிறகு எதையும் மறுக்கவில்லை. கல்லூரியில் அவள் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு ஏப்ரலிலும் அவளை விடுவிப்பார்கள். ஒவ்வொரு ஜூனிலும் அதே வேலைக்கு நேர்காணல் நடக்கும். தினமும் காலையில் வணக்கம் சொல்லும் அதே பிரகதீஸ்வரி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்பார். ஷர்லியும் பெயரிலிருந்து தொடங்குவாள். போன ஜூனில், "இந்தக் கல்லூரி பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டார். எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்பது வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது. யோசித்துப் பார்த்து, "சிறந்த கல்லூரி" என்று மட்டும் சொன்னாள்.

இனி அந்த நாற்காலியில் உட்கார வேண்டாம். அதற்காக அவள் கட்டங்களோடு மல்லுக்கட்டினாள். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் கீழே மொத்தம் தானாக மாற வேண்டும். மூடித் திறந்தால் போட்டது போட்டபடி இருக்க வேண்டும். முதன்முதலாக மொத்தம் தானாக மாறியபோது ஆய்வகத்தில் வேறு யாருமில்லை. ஷர்லி இன்னொரு எண்ணைப் போட்டாள். மறுபடியும் மாறியது. வேறு வேலை எதுவும் இல்லாதவள்போல் வெகுநேரம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் தாளாளரின் மருமகன் அரவிந்த்குமார் ஒரு பென் டிரைவோடு வந்தான். அதில் மாமனாரின் புகைப்படம் இருந்தது, வெள்ளைச் சட்டையும் கூப்பிய கையுமாக.

"மேடம், இத பின்னாடி வச்சிருங்க. ஃபுல்லா தெரியணும்."

"பின்னாடின்னா, திறக்கும்போது ஒரு தடவ வர்ற மாதிரியா சார்?"

"டேபிளுக்குப் பின்னாடி. ஃப்ளெக்ஸ்ல வைக்கிற மாதிரி."

கட்டங்களைக் கண்ணாடிபோல ஆக்குவதற்கு அவள் பாதி நிரலைத் திரும்ப எழுதினாள். கட்டங்களுக்குப் பின்னால் தாளாளர் ஐயா வந்தார். ஆனால் அவருடைய நரைத்த மீசையில் வெள்ளை எண்களும், வெள்ளைச் சட்டையில் மொத்தமும் காணாமல் போயின. எண்களைச் சிவப்பாக்கினாள். ஆத்மநாதன் வந்து பார்த்தார். அவர் கன்னத்தில் யாரோ நாற்பத்தைந்து என்று போட்டிருந்தார்கள்.

"என்னம்மா இது, மூஞ்சியில கிறுக்கி வச்சிருக்க? நாளைக்கு எவனாவது இதுல கடலை வெலய எழுதுவான்."

"படத்த எடுத்துரலாமா சார்?"

இப்படி ஒரு கேள்வியை அந்த வளாகத்தில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

பிரகதீஸ்வரிதான் வழி சொன்னார். "முகம் இருக்கிற கட்டத்துல மட்டும் யாரும் எழுத முடியாத மாதிரி செஞ்சிரு ஷர்லி."

ஆக, மூன்றாவது, நான்காவது பத்திகளில், நெற்றியிலிருந்து தாடைவரை உள்ள கட்டங்கள் பூட்டப்பட்டன. ஆய்வக உதவியாளர் செவந்தி எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, கணக்கு போடுறவுங்க ஐயா மூஞ்சி வந்தா என்ன பண்ணுவாங்க?"

"சுத்திக்கிட்டுப் போகணும்க்கா."

"நாங்க இருவது வருசமா அப்படித்தான் போறோம்" என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள் செவந்தி.

விழாவன்று ஷர்லி கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு மூன்றாம் வரிசையின் நடுவில் உட்கார்ந்தாள். குழுத் தலைவர் கோவைப் பக்கத்துப் பேராசிரியர். பொன்னாடை, சந்தன மாலை, நினைவுப் பரிசு எல்லாம் வாங்கி முடித்து, வெயில் ஏறுமுன் சித்தன்னவாசல் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார். மடிக்கணினியை அவர் முன்னால் வைத்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் ஐயா கட்டம் கட்டமாகத் தோன்றினார்.

தலைவர் மூன்றாவது பத்தியில் பத்து என்று போட்டார். கீழே மொத்தம் பத்து. அடுத்த கட்டத்தில் இருபது. மொத்தம் முப்பது. அவர் புருவம் உயர்ந்தது. அடுத்த கட்டத்தில் முப்பதைத் தட்டினார். எதுவும் விழவில்லை. மறுபடி தட்டினார். பிறகு ஓங்கித் தட்டினார். ஐயாவின் நெற்றி அசையாமல் இருந்தது.

"இதுல ஏன் ஏற மாட்டேங்குது?"

ஆத்மநாதன் ஒலிவாங்கியைப் பிடுங்கினார். "சார், இது எங்க டெம்பரரி ஸ்டாஃப் ஒருத்தங்க… ஷர்லின்னு… கத்துக்கிட்டு இருக்காங்க. தப்பு இருந்தா நடவடிக்கை எடுத்துரலாம்."

அரங்கம் முழுக்க ஷர்லியைத் திரும்பிப் பார்த்தது.

"செக்யூரிட்டி சார்," என்றார் பிரகதீஸ்வரி எழுந்து. "முக்கியமான இடத்துல யாரும் கை வைக்க முடியாது."

"ஓ, செல் லாக்!" தலைவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நீங்களே பண்ணதா? ரொம்ப நல்லா இருக்கே. டிகிரி காலேஜ்ல இத நான் எதிர்பாக்கல. புதுமைல நல்ல மார்க் வரும்."

ஆத்மநாதன் ஒலிவாங்கியைக் கீழே வைக்கவில்லை. அவர் முகம் மலர்வதைத் திரையில் இருந்த முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

"இந்த நேரத்துல ஒரு உண்மையச் சொல்லிர்றேன். இரவு பகலா உழைச்சு இத உருவாக்கி, நம்ம கல்லூரியோட மென்பொருள் துறை இயக்குநரா இன்னைக்கு நிரந்தரப் பொறுப்பேற்கிறவரு… என் மருமகன் அரவிந்த்குமார்!"

பணி ஆணையைத் தலைவர் கொடுத்தார், மருமகன் குனிந்து வாங்கினான். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்களைப் பார்த்து மற்ற துறைகளும் எழுந்தன. விருந்தினர்களும் எழுந்தார்கள். "அரங்கமே எழுந்து நின்று கரவொலி" என்று மறுநாள் நாளிதழின் திருச்சிப் பதிப்பில் வந்தது. குழுவின் அறிக்கையிலும் ஒரு வரி ஏறியது.

அரங்கில் முதலில் எழுந்தவள் ஷர்லி. 'இத உருவாக்கி' என்று தாளாளர் தொடங்கியதுமே புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டாள். வேறு பெயர் வந்தபோது திரும்ப உட்கார வெட்கமாக இருந்ததால் கைதட்டினாள்.