மசிந்த ஸ்டியரிங்
பழைய லாரியை உடைக்கக் கொடுத்தால் புது லாரிக்கு அரசாங்கம் மானியம் தரும் என்று மனைவி சொன்னபோது டிரைவர் முரண்டு பிடித்தார். இறக்கத்தில் பிரேக் ஒருமுறை கைவிட்ட பிறகுதான் அவள் பேச்சுக்குத் தலையாட்டினார்.

புது லாரியில் புகை இல்லை, பிரேக் போட்டால் சொன்ன இடத்தில் நின்றது. மனைவியும் லாரி ஓட்ட லைசென்ஸ் வாங்கியவள்தான். பழைய லாரியின் ஸ்டியரிங்தான் அவளுக்கு மசியவே இல்லை.

"நகருங்க, நான் ஓட்டிப் பாக்கறேன்" என்றாள்.

சுமை ஏற்றிய வண்டியை நெடுஞ்சாலையில் ஏற்றினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

"இப்படி மிதிச்சா தரை ஓட்டையாயிடும்."

அவர் சிரித்துவிட்டார். பாதி வழியில் குறட்டையே வந்தது. சரக்கு இறக்கும் இடத்தில்தான் அவரை எழுப்பினாள்.

"திரும்பும்போது நான் ஓட்டட்டுமா?"

"பாக்கலாம்" என்றாள் அவள்.