ஒரு கூடுதல் எலும்பு

எந்த வைத்தியம் வேண்டும் என்று கேட்டபோது சென்னம்மாள் யோசிக்கவே இல்லை. எலும்பை எடுத்துக் கையில் கொடுத்துவிடச் சொன்னாள். டாக்டருக்கு அவள் பேச்சு பாதிதான் புரிந்தது. நர்சு ஜானகியம்மாள் நடுவில் நின்று எடுத்துச் சொன்னதும், எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தவர் சிரித்துவிட்டார். அவரிடம் வைத்தியம் கேட்டு வந்தவர்கள் உண்டு, எலும்பு கேட்டு வந்தவர்கள் இல்லை.

படத்தில் தெரிந்தது இதுதான். அவளுடைய கழுத்தின் வலது ஓரத்தில், பிறவியிலேயே ஒரு விலா எலும்பு கூடுதலாக முளைத்திருந்தது. சுண்டுவிரல் நீளம் இருக்கும். கைக்குப் போகிற நரம்பு அதன்மேல் ஏறி இறங்குகிற இடத்தில், முன்னாலிருந்து ஒரு தசை நரம்பைப் போட்டு நெரித்தது. கை மரத்ததும், கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றிப்போனதும் அதனால்தான். ஜானகியம்மாள் இதைத் தன் கழுத்தையே தொட்டுக் காட்டி விளக்கினாள். வழி இரண்டு உண்டாம். தசையை மட்டும் அறுத்துவிட்டால் நரம்புக்கு இடம் கிடைத்துவிடும். சிலருக்கு அப்புறமும் வலி திரும்பலாம், ஆனால் உயிருக்குப் பயம் குறைவு. எலும்பை எடுப்பதென்றால் இன்னும் ஆழமாகப் போக வேண்டும். அங்கே பெரிய ரத்தக்குழாயும் நுரையீரலும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. கத்தி கொஞ்சம் பிசகினால் கையே விளங்காமல் போகலாம். டாக்டர் தசையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்கிறார்.

"கை வெளங்காட்டிப் போவட்டுங்க. எலும்பு வேணும்" என்றாள் சென்னம்மாள்.

பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள். அவள் ஊரான வத்தல்மலையில் நடந்தது சேலத்து ஆஸ்பத்திரிக்கு எப்படித் தெரியும்? புளி உலுக்கும் காலத்தில் கூடை சுமந்து இறங்கும்போதெல்லாம் அவள் கை மரத்தது. பிடித்த சாமான் நழுவி விழுந்தது. மலையில் இதற்கு வைத்தியம் சூடு. கருக்கரிவாளின் மூக்கைப் பழுக்கக் காய்ச்சி, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக ஓர் இழுப்பு இழுப்பார்கள். அலறாமல் சூடு போட்டுக்கொண்டவர் அந்த ஊரில் கிடையாது. ஆண்களையே நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். சென்னம்மாளோ பக்கத்தில் இருந்தவளிடம் தினை விளைச்சலைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். தோல் கருகிய வாடை மூக்கில் ஏறின பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் அதற்குள் ஓரடி பின்வாங்கியிருந்தார்கள். நெருப்புத் தெரியாத கை குஷ்டக் கைதான், பெருநோய்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்குக் கேழ்வரகுக் காட்டோரத்துக் குடிசை. பால் மறந்த மகள் ராமக்காவை மாமியார் வைத்துக்கொண்டாள். பிள்ளை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடும், இவள் இந்தப் பக்கம் நின்று பேசுவாள். சில நாளில் பிள்ளை கூப்பிடுவதையும் விட்டுவிட்டது. வேலிப்பக்கம் வந்தால் கல் பொறுக்கி விளையாடிவிட்டுப் போய்விடும். அதைத்தான் சென்னம்மாளால் தாங்க முடியவில்லை.

புருஷன் தீர்த்தன் அவளைக் கைவிடவில்லை. யார் பேச்சையும் கேட்காமல் சேலம்வரை கூட்டிவந்தவன் அவன்தான். படம் எடுத்த கையோடு மலையேறி, இது நோயில்லை, எலும்பு என்று ஊர்க்கவுண்டர் மல்லையனிடம் சொன்னான். மல்லையன் கெட்ட மனுஷரில்லை. தன் சொந்த அண்ணனையே இதே நோய்க்காகக் காட்டோரம் குடி வைத்தவர், இவளுக்கு மட்டும் எப்படி வழிவிடுவார்? படத்தில் விழுவது நிழல்தானே என்று கேட்டார். பிறகு ஒரு வழியும் சொன்னார். எடுக்கிற எலும்பைக் கொண்டுவந்து கோயில் முன்னால் வைத்தால், அன்றைக்கே அவளை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்ளலாம். அந்த வார்த்தையோடு தீர்த்தன் இறங்கி வந்த மறுநாள்தான் டாக்டர் எந்த வைத்தியம் என்று கேட்டது.

திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் கடைசியில் இறங்கி வந்தார். சென்னம்மாள் காதில் அது சரி என்றே விழுந்தது.

மயக்கம் தெளிந்ததும் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு எலும்பைக் கேட்டாள். ஜானகியம்மாள் சந்தோஷமாகச் சொன்னாள், தசையை அறுத்ததுமே நரம்பு விடுபட்டுவிட்டதாம், எலும்பைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லையாம். இனி அது பாட்டுக்கு அங்கேயே கிடக்கும், ஒரு தொந்தரவும் செய்யாது. பேசிக்கொண்டே சூடான கஞ்சி டம்ளரை அவள் வலக்கையில் வைத்தாள். சென்னம்மாள் வெடுக்கென்று கையை இழுத்தாள். டம்ளர் உருண்டது. சுட்டது. சுண்டுவிரல்வரை சுட்டது. ஜானகியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. சென்னம்மாளுக்கு வந்தது ஆத்திரம்.

"எனக்குக் கை வேணும்னு ஆரு கேட்டாங்க?"

மறுபடி திறந்து எடுக்கச் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். நோயில்லை என்று காகிதத்தில் எழுதித் தருவதாகச் சொன்னார். படத்தையே நிழல் என்ற ஊரில் காகிதத்தை யார் மதிப்பார்கள் என்று தீர்த்தன் வாங்கவில்லை. டாக்டர்மேல் அவனுக்குக் கோபமில்லை. அவர் நல்லதுதான் செய்திருந்தார்.

தையல் பிரித்த பின் பஸ் ஏறினார்கள். யுத்த காலம், பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய பஸ். தொப்பூர்க் கணவாயில் ஏற மாட்டாமல் நின்றபோது எல்லோரும் இறங்கி நடந்தார்கள். நல்லம்பள்ளியில் இறங்கியபோது சந்தை கூடியிருந்தது. ஆடுகள் கத்துகிற சத்தத்தில் பேசினாலும் கேட்காது. கறிக்கடைகளுக்குப் பின்னால் குவிந்த கழிவைப் பார்த்துச் சென்னம்மாள் நின்றுவிட்டாள்.

அவள் நின்றது எதற்கென்று தீர்த்தனுக்கு உடனே புரிந்தது. புரிந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"ஆட்டெலும்பு தெரியாதவங்களா புள்ள நம்மூருல?"

அவன் கேட்டது நியாயம்தான். பன்றி, மான், கேளையாடு, எதன் எலும்பானாலும் இருட்டில் தடவியே சொல்லிவிடுவார்கள்.

"மனுச எலும்ப ஆருங்க பாத்தாங்க?" என்றாள் சென்னம்மாள். "பொதைக்கிறதோட சரி. தோண்டியா பாக்கறாங்க? நுனிய ஒடிச்சு மழுக்கிட்டா ஆட்டோடதுன்னு ஆரு சொல்லுவாங்க?"

நாயை விரட்டிவிட்டு அவள் குந்தினாள். ஒன்றை எடுத்தாள், நீளம் என்று போட்டாள். இன்னொன்று தட்டை. குட்டியாட்டின் விலா ஒன்றை எடுத்து, நுனியைக் கல்லில் தட்டி ஒடித்து, உடைந்த முனையைத் தேய்த்து மழுக்கினாள். முந்தானையில் துடைத்துக் கழுத்தோரத்துத் தழும்பின்மேல் வைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"செரியா இருக்குங்களா?"

தீர்த்தன் ரெண்டடி பின்னால் போய் நின்று, மல்லையன் பார்ப்பதைப்போல் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான்.