கப்பலுக்கு முன் ஒரு கிணறு

எத்தியோப்பியாவிலிருந்து நியமனக் கடிதம் வந்த அன்று சத்தியபாய்க்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷமா பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் மூன்று வருஷம் கணக்குப் பாடம் நடத்த வேண்டும். ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி பம்பாயில் கப்பல் ஏற வேண்டும். அப்போது 1955 ஏப்ரல் முடியப் போகிறது.

அவளுக்கு முப்பத்தாறு வயது. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பதினாலு வருஷமாகக் கணக்கு டீச்சர். கணவர் ஜெபதாஸ் ஆரம்பப் பள்ளியில் நாலாம் வகுப்பு வாத்தியார். பிள்ளைகள் இல்லை. பேப்பரில் விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போட்டது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கிடைக்காது என்ற தைரியத்தில்தான் போட்டாள்.

"முதல்ல நீ போய்ப் பாரு. அடுத்த வருஷம் லீவு கிடைச்சா நான் வாறேன்" என்றார் ஜெபதாஸ்.

"இங்க கிடக்க வேலைய யாரு பாப்பா?"

வேலைகள் அப்படிக் கிடந்தன. ஐந்தாம் பாரம், அதாவது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அவள் தமிழில் எழுதிய வடிவகணிதப் புத்தகம் நாகர்கோவிலில் ஒரு அச்சகத்தில் இருந்தது. அச்சுக் கோத்த பக்கங்களை வாரம் இரண்டு முறை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார்கள். அவள் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். முக்கோணத்தின் கோடுகளை அச்சுக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சாய்த்து வைத்தார்கள்.

இன்னொன்று கிணறு. செம்பாறைவிளையிலிருந்து அவள் வகுப்புக்கு ஆறு பெண்கள் வந்தார்கள். ஆறு பேரும் முதல் மணிக்கு ஒருநாளும் வந்ததில்லை. திட்டிப் பார்த்தாள், வெளியே நிறுத்தினாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை அந்த ஊருக்கே போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஊரில் கிணறு இல்லை. விடிந்ததும் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் தள்ளி இருக்கிற கால்வாய்க்குப் போய்வர வேண்டும். அன்றைக்கே அவள் சர்ச் சபைக்காரர்களிடம் பேசி ஒரு கமிட்டி போட வைத்தாள். பள்ளிக்கூட மேனேஜர் ஜஸ்டஸ் ஐயாதான் கமிட்டிக்கும் தலைவர். மாசி மாதம் வேலை தொடங்கியது. கிணறு வெட்டுவதில் பேர் பெற்ற ரசலையனும் அவனுடைய ஆட்களும் வெட்டினார்கள். மே மாதம் நடுவில் இருபத்தெட்டு அடி போயிருந்தது. தண்ணீரைக் காணோம்.

இதற்கு நடுவே பாஸ்போர்ட்டுக்குத் திருவனந்தபுரம் போக வேண்டும், ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், பட்டச் சான்றிதழ்களுக்கு நகல் எடுக்க வேண்டும், ஜஸ்டஸ் ஐயாவிடம் நன்னடத்தைச் சான்றிதழும் விடுவிப்பு உத்தரவும் வாங்க வேண்டும். சத்தியபாய் ஒரு தாளில் நாட்களைக் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினாள். காலையில் பல் தேய்க்கும்போதே அதைப் பார்ப்பாள். எந்தக் கட்டத்திலும் இரண்டு வேலை இருந்தது. கோடை லீவுத் தனி வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது சாக்பீஸ் அந்தரத்தில் நின்றுவிடும். அடுத்த வரி மறந்து போயிருக்கும்.

மே இருபத்திமூன்றாம் தேதி சாயங்காலம் அவள் கிணற்றடிக்குப் போனாள். ரசலையன் அப்போதுதான் மேலே ஏறி, உடம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"டீச்சரே, நடுவுல ஒரு களிமண் பட்டை ஓடுது, நனைஞ்சா சரியும். மேகம் வேற கறுத்துக்கிட்டு வருது. ரெண்டு நாளு வேலைய நிறுத்திட்டு பனந்தடி வச்சு முட்டுக் கொடுத்திரட்டா?"

அவள் மனதில் சுவரில் ஒட்டிய தாள் தெரிந்தது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இரண்டு மாதம் யாரும் கிணற்றில் இறங்க முடியாது.

"மழைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு, ரசலையா. இந்த ரெண்டு நாளும் வெட்டுனா ரெண்டடி போயிரலாமே. முட்டு அதுக்குப் பொறவு கொடுக்கலாம்."

ரசலையன் வானத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "சரி டீச்சரே" என்றான்.

மறுநாள் அவள் பாஸ்போர்ட் விஷயமாகத் திருவனந்தபுரம் போனாள். மதியம் அங்கேயே மழை பிடித்துக்கொண்டது. அலுவலக வராந்தாவில் நின்றபடி அவள் மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் தொட்டுச் சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் திரையை இறக்கிவிட்டார்கள். வெளியே எவ்வளவு மழை பெய்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. களியக்காவிளை தாண்டும்போது எழுந்து நின்று, திரையை விலக்கிப் பார்த்தாள். ரோட்டோர வயலெல்லாம் வெள்ளமாகக் கிடந்தது.

தக்கலையில் ஜெபதாஸ் குடையோடு நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவள் பஸ் படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஆளு உயிரோட இருக்கான்" என்றார் அவர் முதலில். "ஒரு பக்கம் இடிஞ்சு இடுப்பு வரைக்கும் மூடிட்டு. கால் எலும்பு ரெண்டு எடத்துல ஒடைஞ்சிருக்கு. நெய்யூர் ஆஸ்பத்திரியில சேத்திருக்கு."

சத்தியபாய் அன்றே நெய்யூர் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ரசலையனின் மனைவி நேசம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து டீச்சருக்கு ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். "பாருங்க டீச்சரம்மா, மழை வாறது தெரிஞ்சும் எறங்கியிருக்காவ" என்று அழுதாள். ரசலையன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். ஒன்றும் சொல்லவில்லை.

சத்தியபாயும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். ஆரஞ்சு கொண்டுபோனாள், கஞ்சி கொண்டுபோனாள். அவர்கள் வீட்டுக்கு அரிசி அனுப்பினாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் போவாள். ஆனால் சான்றிதழில் ஜஸ்டஸ் ஐயா இன்னும் கையெழுத்து போடவில்லை. இந்த வருஷம் விட்டால் இந்த வேலை இன்னொரு தடவை வராது. அவன் மனைவியிடமே அவன் சொல்லாதபோது நான் ஏன் சொல்ல வேண்டும் என்று ஒரு நேரம் தோன்றும். அப்படித் தோன்றியதற்காகவே மறுநாள் இன்னும் சீக்கிரம் புறப்படுவாள்.

ஒன்பதாம் நாள் கமிட்டி கூடியது. ஜஸ்டஸ் ஐயா மேஜைமேல் அவளுடைய சான்றிதழையும் எடுத்து வைத்திருந்தார். கூட்டம் முடிந்ததும் ஒப்பு போடுவதாகச் சொல்லியிருந்தார்.

"ரசலையன் வேலையில கவனமில்லாதவன்னு இப்பம்லா தெரியுது. மழைக்காலத்துல முட்டுக் கொடுக்காம எறங்குவானா ஒருத்தன்? மழை ஓஞ்ச பொறவு கோலப்பனைக் கூப்பிட்டு மீதியை வெட்டச் சொல்லுவோம். இனி எந்த வேலைக்கும் ரசலையன் வேண்டாம்" என்றார் அவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

சத்தியபாய் எழுந்து நின்றாள். வகுப்பில் நிற்பது போலத்தான் நின்றாள்.

"முட்டுக் கொடுக்க அவன் ரெண்டு நாளு கேட்டான், ஐயா. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். எனக்கு நாள் போதாதுன்னு எறங்கச் சொன்னேன்."

ஜஸ்டஸ் ஐயா பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"இதை அண்ணைக்கே சொல்லியிருக்கணும், டீச்சர்."

"ஆமா ஐயா."

"கிணறு முடியட்டும். கிணத்துல குடிவெள்ளம் கண்ட பொறவு ஒப்பு போடுறேன். அதுவரைக்கும் இது எனக்க கையில இருக்கட்டும்."

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே செய்தி போயிருந்தது. நேசம்மாள் ஸ்டூலைத் தள்ளிப் போடவில்லை.

"ஒம்பது நாளு இந்தக் கட்டில் பக்கத்துல வந்து நின்னீங்க" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "ஒம்பது நாளும் நான் இந்த மனுசனைத்தான் ஏசிக்கிட்டு இருந்தேன். நீங்க கேட்டுக்கிட்டு நின்னீங்க."

நேசம்மாள் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"நீ ஏன் யாருகிட்டயும் சொல்லல, ரசலையா?"

"சொன்னா காலு சேந்திருமா? சரின்னு எறங்கினது நான்தானே." அவன் தலையை அவள் பக்கம் திருப்பினான். "கோலப்பனைக் கூப்பிடப் போறாவளாம்லா. அவனுக்குப் பாறை தெரியும், மண்ணு தெரியாது. இன்னொருத்தன் மேல இடிஞ்சு விழவா? ஒரு தாளும் பென்சிலும் எடுங்க டீச்சரே."

அன்று தொடங்கியது அந்த வேலை. எத்தனையாவது அடியில் களிமண் தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று ரசலையன் படுத்தபடி சொல்லுவான். அவள் வரைவாள். கிணற்று வாயை எவ்வளவு அகலப்படுத்த வேண்டும், களிமண்ணுக்கு மேலே எவ்வளவு அகலத்தில் படி விட வேண்டும், பனந்தடியை எந்தச் சாய்வில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று இருவரும் பேசிப் பேசி முடிவு செய்தார்கள். அவன் கையால் காட்டிய சாய்வை அவள் கோணமாக அளந்து எழுதினாள். ஒருநாள் அவள் வரைந்ததைப் பார்த்துவிட்டு, "இப்படி நின்னா நிக்காது, இன்னும் கொஞ்சம் படுக்கணும்" என்று பென்சிலை வாங்கி அவனே இழுத்தான். அவள் போட்ட கோட்டைவிட அதுதான் சரியாக இருந்தது.

கோலப்பன் முதலில் வர மறுத்தான். அடுத்தவன் தொடங்கின கிணற்றில் கை வைக்க மாட்டேன் என்றான். ரசலையனே ஆள் அனுப்பிக் கூப்பிட்ட பிறகுதான் வந்தான். மழை விட்டு விட்டுப் பெய்ததால், ஜூலை கடைசியில்தான் இடிந்த மண்ணை வாரி முடிக்க முடிந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் ஜெபதாஸ் சைக்கிளில் செம்பாறைவிளைக்குப் போவார். முட்டுகளை ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒத்துப் பார்ப்பார். முட்டு வைக்காமல் ஒருவரும் இறங்கக்கூடாது என்று சத்தியபாய் சொல்லி அனுப்பியிருந்தாள். ஒருநாள் கோலப்பன் அவசரப்பட்டபோது ஜெபதாஸ் இறங்கும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நகராமல் நின்றாராம்.

அச்சுப் பக்கங்கள் மேஜைமேல் குவிந்தன. ஆகஸ்ட் முதல் வாரம் கடைசி நாற்பது பக்கத்தையும் அவள் ஜெபதாஸிடம் தள்ளினாள்.

"எனக்கு இந்தத் தேற்றம் ஒண்ணும் புரியாதே, சத்தியம்."

"எழுத்தையாவது ஒத்துப் பாருங்க. என்னால முடியல."

டீச்சரான பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தாள். சொன்னபின் அழுகை வந்துவிட்டது. ஜெபதாஸ் தாள்களை எடுத்துக்கொண்டு போனார்.

முப்பத்தாறாவது அடியில் பாறை குறுக்கிட்டது. கப்பலுக்குப் பதினாறு நாள். கோலப்பன் இரண்டு நாள் குடைந்து பார்த்துவிட்டு, இடத்தை மாற்றலாம் என்றான். இடம் மாற்றினால் மறுபடியும் முதல் அடியிலிருந்து.

ரசலையன் அப்போது காலில் கட்டோடு வீட்டுக்கு வந்திருந்தான். அவனை மாட்டு வண்டியில் வைத்துக் கிணற்றடிக்குக் கூட்டி வந்தார்கள். நாலு பக்கத்திலிருந்தும் பாறைச் சில்லுகளைத் தனித்தனியாக மேலே அனுப்பச் சொன்னான். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான், ஈரம் தெரிகிறதா என்று கன்னத்தில் ஒற்றினான். ஒரு சில்லை மட்டும் தனியாக வைத்தான்.

"இது எந்த மூலை?"

"வடகிழக்கு" என்றான் கோலப்பன் கீழேயிருந்து.

"அங்க வெடி வை. எடம் மாத்தண்டாம்."

அவன் சத்தியபாயைப் பார்த்தான். அவள் அவசரப்படுத்துவாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. "எத்தனை நாளு வேணுமோ எடுத்துக்கோ, ரசலையா" என்றாள் அவள். கட்டம் போட்ட அந்தத் தாள் அவள் கண்ணில் நின்றது. ஆனாலும் சொன்னாள்.

மூன்று நாளில் நாலு வெடி வைத்தார்கள். நாலாவது வெடிக்குப் பிறகு கலங்கலாக ஊறத் தொடங்கியது. மழைத்தண்ணீரா ஊற்றா என்று தெரியவில்லை. சாயங்காலம் முழுதும் இறைத்து வற்ற வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் சத்தியபாய் போவதற்குள் ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. உள்ளே ஆளுயரத்துக்குத் தண்ணீர் தெளிந்து கிடந்தது.

நேசம்மாள்தான் முதல் குடத்தை இழுத்தாள். ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, சத்தியபாய் நின்ற இடத்துக்கு வந்தாள்.

"ஒங்க மேல உள்ள கோவம் எனக்குப் போவல்ல, டீச்சரம்மா. ஆனா குடிக்க நல்ல வெள்ளம்."

"கோவம் போவண்டாம், நேசம்மா" என்றாள் சத்தியபாய்.

வெள்ளிக்கிழமை ஜஸ்டஸ் ஐயா ஒப்பு போட்டார். அவளிடம் அதிகம் பேசவில்லை. எத்தியோப்பியாவின் பழைய பேரில், "அபிசீனியாவுல கவனமா இருங்க" என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை அவள் புறப்பட்டாள்.

ரசலையனின் கால் சேர்ந்தது, ஆனால் ஒரு விரற்கடை குட்டையாகச் சேர்ந்தது. அவன் பிறகு கிணற்றில் இறங்கவில்லை. கல்குளம் பக்கம் யார் கிணறு வெட்டினாலும் மண் பார்க்கவும் முட்டு நிறுத்தவும் அவனைக் கூப்பிட்டார்கள். வடிவகணிதப் புத்தகம் தீபாவளிக்குள் வெளிவந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இரண்டு கோணங்களின் எழுத்து இடம் மாறிக் கிடந்தது. அதைக் கண்டுபிடித்து அவளுக்குக் கடிதம் எழுதியது செம்பாறைவிளைப் பெண்களில் ஒருத்திதான். ஜெபதாஸுக்கு மறு வருஷம் லீவு கிடைக்கவில்லை, அதற்கடுத்த வருஷம்தான் கிடைத்தது.

கப்பலில் சத்தியபாய்க்கு மூன்று நாள் வாந்தி. எத்தியோப்பியாவில் பள்ளி இருந்த மலை ஊருக்கு ஏறியபோது குளிர் எலும்பு வரைக்கும் ஏறியது. பள்ளிக்குப் போன முதல் நாளே தலைமையாசிரியை அவளை அறைக்குக் கூப்பிட்டார். கணக்கோடு விஞ்ஞானப் பாடமும் எடுக்க வேண்டும், விஞ்ஞான ஆசிரியை வரவில்லை, ஆய்வுக்கூடத்தை வெள்ளிக்கிழமைக்குள் தயார் செய்ய முடியுமா என்று கேட்டார்.

சத்தியபாய் போய் ஆய்வுக்கூடத்தைப் பார்த்தாள். அமிலப் புட்டிகள் மூடியில்லாமல் கிடந்தன. அலமாரிக்கு ஒரு கால் இல்லை. திரும்பி வந்து, "வெள்ளிக்கிழமைக்கு முடியாது அம்மா. பிள்ளைகளை உள்ளே விட எனக்கு இரண்டு வாரம் வேண்டும்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

தலைமையாசிரியை அவளை ஏற இறங்கப் பார்த்தார். புது ஆள், வந்த முதல் நாள். பிறகு காலண்டரை எடுத்து, இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதியைக் குறித்தார்.

சத்தியபாய் வெளியே வந்தாள். வராந்தாவில் அவளுடைய வகுப்புப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஆய்வுக்கூடக் கதவைச் சாத்திவிட்டு, அவர்களை வகுப்பறைக்குள் போகச் சொன்னாள்.