ஒட்டுத்தாள் உரிக்கும் கூடம்

காலை ஆறரை. கிடங்கின் தகரக் கூரையில் பனி உறைந்திருந்தது. விற்காமல் திரும்பி வந்த வீடியோ கேம் கேசட்டுகளின் மேல் தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டி, பசை இளகியதும் கத்தி முனையால் ஒட்டுத்தாளை நெம்ப வேண்டும். நாளொன்றுக்கு ஆளுக்கு நானூறு. வீட்டில் சோற்றுருண்டை பிடித்தாலும் கையில் அந்தப் பசை வாடைதான்.

அங்கிருந்த ஐவரும் ஒரு காலத்தில் அந்த விளையாட்டுகளை உருவாக்கியவர்கள். என் பெயர் முரோதானி; இசை போட்டவள் நான். மினெகிஷி எங்களில் பெயர் பெற்றவர். பதினெட்டு வயதில் ஒசாகாவுக்கு வந்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாகப் பூதம் வரையத் தொடங்கியவர். பத்தொன்பது ஆண்டுகளில் பதினோரு விளையாட்டுகள். குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து, அவர்கள் எங்கே அலுத்துப்போகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் திருத்துவார்.

கம்பெனி நொடித்தபோது, குழுவில் ஆறு பேரைக் கழிக்கச் சொல்லி அவரிடம் பட்டியல் கேட்டார்கள். ஒரே பெயரை எழுதிக் கொடுத்தார். தன் பெயரை.

நீக்கினால் வழக்கு வரும், நாங்களே விலகட்டும் என்று அவரையும் எங்கள் நால்வரையும் கிடங்குக்கு அனுப்பினார்கள். ராஜினாமா படிவம் ஒவ்வொரு மேசையிலும் கிடந்தது. கதவை யாரும் பூட்டவில்லை. ஆனால் முப்பத்தைந்து தாண்டியவர்களை அந்தத் தொழிலில் யார் சேர்ப்பார்கள்?

அன்று ஹிபினோவுக்குக் கத்தி வழுக்கியது. ஐம்பத்தெட்டு வயது புரோகிராமர். குளிரில் விரல் மரத்திருந்தது. கட்டைவிரல் இடுக்கு பிளந்து ரத்தம் கொட்டியது.

மேலாளர் தொகாஷி வந்து பார்த்தார். "ஆஸ்பத்திரில, வீட்ல மீன் நறுக்கும்போது வெட்டுச்சுன்னு சொல்லிடுங்க."

"நான் மீன் நறுக்கி என் பொண்டாட்டியே பாத்ததில்ல" என்றார் ஹிபினோ, துண்டை அழுத்தியபடி.

"கணப்பு கேட்டு மூணு தடவ எழுதிக் கொடுத்தோமே சார்" என்றார் மினெகிஷி.

"நீங்க பொம்ம போடுற ஆளு. உங்க வேலையப் பாருங்க."

ஹிபினோ ஆஸ்பத்திரிக்குப் போனதும், தொகாஷி எங்களைத் தனித்தனியாகத் தன் அறைக்கு அழைத்தார். என்னிடம் பேனாவை நீட்டினார்.

"அவரு வரும்போதே கையில கட்டோடதான் வந்தாருன்னு ஒரு வரி எழுதுங்க. திங்கக்கிழம பழையபடி இசைக்கூடத்துல இருப்பீங்க."

நான் பேனாவை வாங்கவில்லை. மறுக்கவும் இல்லை. மதியம் சொல்கிறேன் என்றேன். அதைச் சொன்ன வாய் இன்னும் கசக்கிறது.

சாப்பாட்டு வேளையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மினெகிஷிதான் வாய் திறந்தார்.

"எனக்குப் புது விளையாட்டு ஒண்ணு தர்றாராம்."

"எழுதப் போறீங்களா?" என்றேன்.

"அங்க நின்னப்போ ஆசையாத்தான் இருந்துச்சு. முதல் கட்டத்த மனசுலயே வரைஞ்சு முடிச்சுட்டேன். அப்புறம் அசிங்கமாப் போச்சு."

நானும் சொன்னேன். ஓவியர்கள் குபோவுச்சியும் அரிசுவேயும் "எங்களையும்தான்" என்றார்கள். நால்வருக்கும் அதே வரி, அதே திங்கள்கிழமை.

ஏழு தையலோடு ஹிபினோ திரும்பினார். "வேலையிலதான் வெட்டுச்சுன்னு சொல்லிட்டேன். தொழிலாளர் ஆபீஸ்ல சாட்சி கேப்பாங்களாம். நீங்க யாரும் மாட்டிக்காதீங்க."

மினெகிஷி உலர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்தார். "கோட்ட மாட்டுங்க, போலாம்."

வாசலில் தொகாஷி மறித்தார். "இப்பப் போனா வேலைய விட்டு ஓடினதாத்தான் கணக்கு."

"ஓடல சார், நடந்துதான் போறோம். அஞ்சு பேருக்கும் அரைநாள் லீவு எழுதி உங்க மேசைல வச்சிருக்கு."

தொழிலாளர் அலுவலகத்தில் எழுத்தர் படிவத்தைப் புரட்டினார். "சாட்சி ஒருத்தர் போதுங்க."

"நாலு பேரும் போடுறோம்" என்றார் மினெகிஷி. "ஒருத்தர்னா தனியாக் கூப்பிட்டுப் பேசுவாங்க."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு தாளைத் தள்ளினார்.

மறுநாள் ஆறரைக்குக் கிடங்கைத் திறந்தோம். கணப்பு வரவில்லை. எங்கள் மேசைகளைத் தள்ளித் தள்ளி, சுவரைப் பார்க்கப் போட்டுவைத்திருந்தார்கள். ஹிபினோவால் ஒரு கையால்தான் தள்ள முடிந்தது. ஐந்து மேசைகளையும் இழுத்து நடுவில் ஒன்றாகச் சேர்த்த பிறகே கத்தியைத் தொட்டோம்.