மறுநாள் வந்த குரல்

1955ஆம் வருஷத்துப் புயலுக்குப் பிறகு, அக்காள்மடத்தில் வள்ளத்துத் தலைவராக, அதாவது தண்டலாக, இருந்த வியாகுலத்தின் பேச்சு ஒரு நாள் தாமதமாகக் கேட்டது. திங்களன்று அவர் சொன்னது செவ்வாயன்று, அதே நேரத்தில், சொன்ன இடத்திலேயே ஒலித்தது. அவர் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தால், அதைக் கேட்கச் சாமியார் மறுநாளும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் வந்து உட்கார்ந்தார். சனிக்கிழமை கடலில் அவர் சொன்னவற்றை யாரும் கடலுக்குப் போகாத ஞாயிறன்று மீன்கள் மட்டும் கேட்டன.

வலை வளைத்து முடியும்வரை தண்டலைத் தவிர எவரும் வாய் திறக்கக் கூடாது என்பது அந்தக் கரையின் வழக்கம். புயலன்று காற்று மாறியதை வள்ளத்து ஆள் ஜெபமாலை இரண்டு தடவை சொன்னான். இரண்டு தடவையும் வியாகுலம் “வாயப் பொத்துலே” என்றார். வள்ளம் கவிழ்ந்தது. ஜெபமாலையின் உடல்கூடக் கிடைக்கவில்லை. வியாகுலம் மூன்றாம் நாள் ஒரு பலகையோடு கரையேறி மணலில் விழுந்து அழுதார். வாய் மட்டும் அசைந்தது. மறுநாள் ஆளில்லாத அந்த மணலில் அழுகை கேட்டது. பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு, அது ஓயும்வரை நின்றார்கள்.

கரை ஒதுங்கிய வள்ளத்தைப் பழுதுபார்த்தும், ஏற ஆளில்லாமல் அது மூன்று வருஷம் கரையில் கிடந்தது. வள்ளத்தைத் திருப்பு என்று இவர் சொல்வது நம் அடக்கத்துக்குத்தான் வந்து சேரும் என்று கேலி பேசினார்கள். பிறகு ஒருநாள் ஜெபமாலையின் தம்பி சூசைமுத்து வந்தான். அடிக்க வந்தான் என்றே வியாகுலத்தின் மனைவி யாகப்பம்மாள் நினைத்தாள்.

“வள்ளத்துக்கு நான் வாரேன் மாமா. ஆனா நான் பேசுவேன்” என்றான்.

ஊரார் காரணம் கேட்டதற்கு, “அவரு தப்பு பண்ணி முடிச்சுட்டாரு. மத்த தண்டலுக இனிமேத்தான் பண்ணணும்” என்றான்.

அவனை நம்பி இன்னும் நான்கு பேர் ஏறினார்கள். அந்த வள்ளத்தில் எல்லாரும் பேசினார்கள்; தண்டல் சுக்கானைப் பிடித்தபடி கேட்டார். ஒவ்வொருவனுக்கும் கடல் வேறு மாதிரி தெரிகிறது என்று அவர் யாகப்பம்மாளிடம் சொன்னதை அவள் மறுநாள் அடுப்படியில் கேட்டாள்.

1959 கார்த்திகையில் ஒருநாள் வலை நிறையச் சாளை மீன் விழுந்தது. இழுக்கத் தொடங்கும்போது சூசைமுத்து, காற்று கெட்டுவிட்டது, வலையை அறுக்க வேண்டும் என்றான். அது அவர்களுடைய ஒரே வலை. வியாகுலம் அவன் பக்கம் திரும்பினார். உதடுகள் அசைந்தன. பிறகு தாமே கத்தியை எடுத்து அறுத்தார். அவர்கள் கரை தொட்டபோது, விட்டு வந்த இடத்தில் கடல் கறுத்து எழுந்து நின்றது.

மறுநாள் கடல் தணிந்ததும் வலையைத் தேடி ஆறு பேரும் அங்கே போனார்கள். முந்தின நாள் வலையை அறுத்த நேரம் நெருங்கியதும், யாரும் சொல்லாமலே துடுப்புகளைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்கள். வெறும் தண்ணீருக்கு மேல், தெளிவாக, குரல் வந்தது.

“சரிலே சூசை. நீ சொன்னாச் சரி.”

வியாகுலம் தலை குனிந்திருந்தார்.

“கேட்டுருச்சு மாமா” என்று சொல்லிவிட்டுச் சூசைமுத்து துடுப்பைத் தண்ணீரில் போட்டான்.