பேசாதவர்கள் எழுதிக்கொடுத்த பத்திரம்

எனக்குக் கோபம் வரும். முதல்லயே சொல்லிருறேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது. சின்னமனூர் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு எதிர்த்தாப்புல இருபத்தெட்டு வருசமா பத்திரம் எழுதுறேன். பேரு வைகுண்டராஜ். வீடு, தோப்பு, கெணறு, கெணத்துல பாதி, அந்தப் பாதியில மூணு நாளைக்கு ஒரு முறை தண்ணி, எல்லாம் எழுதியாச்சு. ஆனா பேச்சுக்குப் பத்திரம் எழுதணும்னு ஒருத்தி வந்து நின்னா பாருங்க, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பார்த்தேன்.

ஓடைப்பட்டி அன்னத்தாய் மக கயல். அப்பன் இல்லாத புள்ள, ஒரே புள்ள. நெதர்லாந்துல டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறா, மொழியியல். "எத்தனை மொழி ஆத்தா பேசுவ?"ன்னு கேட்டேன். "அது இல்ல அண்ணாச்சி. மனுசங்க எப்படிப் பேசுறாகன்னு ஆராய்ச்சி பண்றது"ன்னா. அதுக்கு எதுக்கு ஏரோப்ளேன் ஏறணும், கம்பம் பஸ் ஸ்டாண்டுல நின்னாப் பத்தாதா? கேட்டேவிட்டேன். சிரிச்சா. "அதைத்தான் அண்ணாச்சி நானும் பண்ணினேன். எங்க வீட்டு ஜன்னல்லயே நின்னுட்டேன்"ன்னா.

அந்த வீட்டுக் கதை எனக்குத் தெரியும். அன்னத்தாய்க்கும் தம்பி மலைச்சாமிக்கும் ஒன்பது வருசமாப் பேச்சு வார்த்தை இல்ல. பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவுல இடுப்பளவு சுவரு. மலைச்சாமி புது வீட்டுக்குப் பால் காய்ச்சினப்போ, அக்காளை நேர்ல வந்து அழைக்காம போன்ல பத்திரிகை அனுப்பிட்டான். ரெண்டு எட்டு வைக்க முடியாதவன் வீட்டுல எனக்கென்ன சோறுன்னு அன்னத்தாய் போகல. அவ்வளவுதான் விசயம். இதுக்கு ஒன்பது வருசம்.

பேச்சு இல்லன்னா பேச்சு இல்லைன்னு அர்த்தமில்ல. சாடை பேசுவாக. அன்னத்தாய் முற்றத்துல மேயுற கோழியைப் பார்த்துச் சொல்லுவா, அது அவனுக்கு. அவன் அதே கோழியைப் பார்த்துப் பதில் சொல்லுவான், அது இவளுக்கு. கயல் லீவுக்கு வந்தப்பல்லாம் இதை ரெக்கார்டு பண்ணி, இதையே ஆராய்ச்சின்னு அங்கன கொடுத்திருக்கா. வெள்ளைக்காரன் ஆகா ஓகோன்னுட்டானாம். பேசாதவுக எப்படிப் பேசிக்கிறாகன்னு ஒலகத்துல யாரும் இம்புட்டு நேரம் பிடிச்சதில்லையாம். நாப்பத்தொரு மணி நேரம்!

ஒண்ணைப் போட்டுக் காமிச்சா. அன்னத்தாய் குரல்: "ஏ கோழி, சில பேரு மோட்டாரைப் போட்டுட்டு அடைக்க மறந்து தூங்குறாக. தண்ணி ரோட்டுல ஓடுது." மலைச்சாமி குரல்: "ஏ கோழி, என் மோட்டாரு எனக்குத் தெரியும். சில பேரு நேத்துச் சுகர் மாத்திரை போடலயே, அதை யாரு கேக்குறது?"

"இப்ப என்ன சிக்கல்?"ன்னேன்.

சிக்கல் என்னன்னா, யுனிவர்சிட்டியில எத்திக்ஸ் கமிட்டின்னு ஒண்ணு இருக்காம். ரெக்கார்டுல பேசினவுக ஒவ்வொருத்தரும் சம்மதம்னு கையெழுத்துப் போட்ட தாள் வேணுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள போகலைன்னா நாப்பத்தொரு மணி நேரத்தையும் அழிச்சிரணும். அழிச்சா மூணு வருசப் படிப்பு போச்சு. சொல்லும்போதே அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அம்மாவும் மாமாவும் இங்கிலீசு பாரத்தைத் தொட மாட்டேன்னுட்டாகளாம். இங்கிலீசுல கையெழுத்துப் போட்டா வீடு போயிரும்னு மலைச்சாமி சொல்லிட்டான். அண்ணாச்சி தமிழ்ல எழுதினாப் போடுறேன்னானாம். அந்த ஒரு வார்த்தையில நான் விழுந்துட்டேன். மரியாதை கொடுத்தா எனக்குக் கோபம் இறங்கிரும்.

எழுதினேன். சும்மா எழுதுவேனா?

"தேனி மாவட்டம், ஓடைப்பட்டி வடக்குத் தெருவில் வசிக்கும் அன்னத்தாய் ஒன்று, மேற்படியாரின் உடன்பிறந்த தம்பி மலைச்சாமி இரண்டு, ஆகிய நாங்கள் இருவரும் சுய புத்தியுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் மேற்படி அன்னத்தாயின் மகள் கயலுக்கு எழுதிக்கொடுத்த பேச்சுச் சம்மதப் பத்திரம் என்னவென்றால்..." அப்புறம் சொத்து விவரம். வடக்கே அடுப்படி ஜன்னல், தெற்கே திராட்சைப் பந்தல், கிழக்கே மலைச்சாமி வீட்டுச் சுவர், மேற்கே கோழிக்கூடு. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட பேச்சு, மணி நாற்பத்தொன்று, நிமிடம் பன்னிரண்டு. மேற்படி பேச்சில் யாதொரு வில்லங்கமும் இல்லை. பின்னிட்டு வில்லங்கம் ஏதும் தோன்றினால் நாங்களே முன்னின்று தீர்த்துக் கொடுப்போமாகவும்.

கையெழுத்து வாங்குறதுக்கு முந்தி, சரியான்னு பார்க்கச் சொல்லிக் கயல் இங்கிலீசுல மாத்தி மெயில்ல அனுப்பினா. கமிட்டி அசந்து போயிருச்சு. இம்புட்டுத் தெளிவா எந்த நாட்டுல இருந்தும் வந்ததில்லைன்னு எழுதியிருந்தாக. எனக்கு நெஞ்சு நிமிந்துருச்சு. ஆனா ரெண்டு சந்தேகம் கேட்டிருந்தாக.

முதல் சந்தேகம், மூணாவது ஆளு கையெழுத்துக்கு இடம் எங்க? எந்த மூணாவது ஆளு? எல்லாப் பேச்சும் ஒருத்தரைக் கூப்பிட்டுத்தானே ஆரம்பிக்குது, அவருக்கு வயசென்ன, எழுதப் படிக்கத் தெரியுமா?

"அது கோழின்னு எழுது ஆத்தா."

எழுதினா. எழுதினதும் அது மிருகங்களுக்கான வேற கமிட்டிக்குப் போயிருச்சு. அவுக கேக்குறாக: ஆராய்ச்சியினால கோழிக்கு மன உளைச்சல் எதுவும் உண்டா? கோழி இப்ப எங்கன இருக்கு?

கயல் என் மூஞ்சியைப் பார்த்தா. "அண்ணாச்சி, அது போன தீபாவளிக்கே குழம்பாயிருச்சு."

ஒரு பத்திரம் எழுதுறவன் இதுக்கெல்லாம் அசரக் கூடாது. மேற்படி கோழி காலமாகிவிட்டபடியால், அதன் நேரடி வாரிசான சிவப்புக் கோழி தற்சமயம் மேற்படி முற்றத்தில் பூரண சௌக்கியமாக மேய்ந்து வருகிறதுன்னு தனியா ஒரு உறுதிமொழி எழுதி, சாட்சிக்கு எதுத்த டீக்கடை இம்மானுவேலைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். "கோழி எனக்குப் பழக்கமில்லையே அண்ணாச்சி"ன்னான். "போடுலே"ன்னேன். போட்டான். மிருகக் கமிட்டி திருப்தி ஆயிருச்சு.

ரெண்டாவது சந்தேகம்தான் வினை. யாரு யாருகிட்டப் பேசினாகன்னு பத்திரத்துல இல்லையாம். "ஒருவருக்கொருவர் பேசிக்கொண்ட பேச்சு"ன்னு தெளிவாச் சேர்க்கணுமாம். நான் சேர்த்துட்டேன். ஒரு வரிதானே?

வியாழக்கிழமை காலையில அன்னத்தாய் வந்தா, சாயங்காலம் மலைச்சாமி வந்தான். ரெண்டு பேருக்கும் நான் வழக்கமா வாசிக்கிற வேகத்துல மளமளன்னு வாசிச்சேன். அந்த வேகத்துல எழுதின எனக்கே பாதி புரியாது. அன்னத்தாய் மட்டும் நிறுத்தி, "ஒருவருக்கொருவர்னா என்ன அண்ணாச்சி?"ன்னு கேட்டா. "அது சட்ட வார்த்தை தாயி, நீ கண்டுக்காத. மகளுக்குத்தானே போடுற?"ன்னேன். மகளுக்குத்தான்னு போட்டுட்டா. சாயங்காலம் மலைச்சாமி, "தாய்மாமன் சீர்னு நினைச்சுப் போடுறேன்"ன்னு மூணு இடத்துல கேட்டதுக்கு ஏழு இடத்துல போட்டான். வெள்ளிக்கிழமை கமிட்டி ஒத்துக்கிருச்சு. கயல் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. ஞாயித்துக்கிழமை ப்ளைட் ஏறிப் போயிட்டா.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் மத்தியானம். உச்சி வெயில். சாப்பிடலாம்னு டிபன் பாக்ஸைத் திறக்குறேன், அன்னத்தாய் வந்து நிக்கிறா. ஆளு பாதியாப் போயிருந்தா. பத்திர நகலை மேசையில வச்சா.

"அண்ணாச்சி, இதை ரத்துப் பண்ணணும்."

எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. "ஏன் தாயி, விளையாடுறியா? கமிட்டி ஒத்துக்கிட்ட பத்திரம்! உன் மக படிப்பு இதுலதான் நிக்குது!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்குற?"

உக்காரச் சொன்னேன். உக்காரல. நின்னுக்கிட்டே சொன்னா. நகலை மலைச்சாமி ஊர் டீக்கடையில வச்சுப் பார்த்திருக்கான். எவனோ அதை வாங்கிச் சத்தமா வாசிச்சுட்டான். ஒருவருக்கொருவர் பேசிக்கொண்ட பேச்சு, மணி நாற்பத்தொன்று. ஊரே சிரிச்சிருக்கு. "என்னப்பா, பேசாமயே நாப்பத்தொரு மணி நேரம் பேசியிருக்கீக"ன்னு போற வாரவனெல்லாம் கேட்டிருக்கான். அன்னைக்கு வீட்டுக்கு வந்தவன் கோழியைப் பார்க்கல, உள்ள போயிட்டான். இவளும் வாயைத் திறக்கல.

"எப்படி அண்ணாச்சி திறக்குறது? கோழிகிட்டச் சொன்னா அது அவன்கிட்டச் சொன்னதுன்னு நானே எழுதிக் கொடுத்துட்டேனே. மழை வருது, துணியை எடுன்னு சொல்லக் கூட நாக்கு வரல. கூச்சமா இருக்கு. அவனுக்கும் அப்படித்தான் இருக்கும். முந்தாநாளு மோட்டாரு ராத்திரி பூரா ஓடுச்சு. நான் படுத்துக் கேட்டுக்கிட்டே கிடந்தேன்."

"பத்திரத்துல இருந்தா என்ன? பேச வேண்டியதுதானே? நேராவே பேசேன். தம்பிதானே!"

என்னை ஒரு பார்வை பார்த்தா. இருபத்தெட்டு வருசத்துல பத்திரம் எழுத வந்த எந்தக் கட்சிக்காரனும் என்னை அப்படிப் பார்த்ததில்ல. "நேராப் பேச எங்களுக்கு என்ன அண்ணாச்சி இருக்கு?"ன்னா.

கயல் விட்டுட்டுப் போன கமிட்டி பாரத்தை எடுத்து, ரத்துப் பண்ண வழியில்லைன்னு காட்டி அனுப்பிரலாம்னு தேடினேன். தேடினா, ஆறாவது பக்கத்துல இருக்கு: பேசினவர் எப்ப வேணும்னாலும், காரணம் சொல்லாம, சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கிடலாம். வாங்கிக்கிட்டா பதிவெல்லாம் அழிக்கப்படும். இதெல்லாம் ஒரு பத்திரமா? எந்த மடையன் எழுதினான்னு வாய்விட்டுத் திட்டினேன். அப்புறம் கயலுக்கு வீடியோ கால் போட்டு, போனைத் தண்ணிச் சொம்புல சாய்ச்சு வச்சேன்.

விசயத்தைக் கேட்டதும் அந்தப் புள்ள கத்தினா பாருங்க, எதுத்தாப்புல இருந்து இம்மானுவேல் எட்டிப் பார்த்தான். "ஏம்மா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? எட்டு மாசத்துல நான் எழுதி முடிக்கணும்! நாலு சாப்டர் எழுதியாச்சு! எல்லாமே நீயும் மாமாவும்தான்! அழிச்சா நான் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும், புரியுதா? அதுக்குக் கூட விடுவாங்களான்னு தெரியாது!"

அன்னத்தாய் எல்லாத்தையும் கேட்டா. மக ஓய்ஞ்சதும் மெதுவாச் சொன்னா. "நீ ஞாயித்துக்கிழமை இருபது நிமிசம் பேசுற கண்ணு. உன்னைக் குத்தம் சொல்லல, உனக்கு வேலை. மத்த நாளெல்லாம் எனக்கு அவன்தான் பேசினான். ரெண்டு மாசமா வீட்டுல மனுசக் குரலே இல்ல. டி.வி. பேசுது, அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

போன் படம் நின்னு போச்சோன்னு நான் குனிஞ்சு பார்த்தேன். நிக்கல. கயல் மூக்கை உறிஞ்சிக்கிட்டிருந்தா. எனக்கு அவளைப் பார்க்கவும் முடியல, இவளைப் பார்க்கவும் முடியல. வாசிச்ச அன்னைக்குக் கொஞ்சம் நிறுத்தி வாசிச்சிருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்? என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டரைத் திறங்க. அம்மா பேர்லதான் போகணும். மெயில் யாருக்குன்னு நான் சொல்றேன், அடிங்க"ன்னா கயல்.

"வேணாம் ஆத்தா, ரெண்டு நாளு யோசி."

"அடிங்க அண்ணாச்சி. ரெண்டு நாளு யோசிச்சா நான் மாட்டேன்னு சொல்லிருவேன்."

அவ சொல்லச் சொல்ல அடிச்சேன். ரெண்டே வரி. நான்கெல்லை இல்ல, சாட்சி இல்ல, சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கிடுறேன், அவ்வளவுதான். மூணு வருசம் அந்த ரெண்டு வரியில போச்சு. அனுப்புன்னா. அனுப்பினேன். அன்னத்தாய் முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு அப்பத்தான் பெஞ்சில உக்காந்தா.

உக்காந்தவ வாசப் பக்கம் பார்த்தா. நானும் பார்த்தேன். ஜெராக்ஸ் கடை ஓரத்துல, கொட்டுற வெயில்ல, கையில நகலைச் சுருட்டி வச்சுக்கிட்டு மலைச்சாமி நிக்கிறான். எப்ப வந்தான், எம்புட்டு நேரமா நிக்கிறான், ஒண்ணும் தெரியல. என்னைப் பார்த்ததும் ஜெராக்ஸ் மெசினைப் பார்க்குற மாதிரி திரும்பிக்கிட்டான்.

"அண்ணாச்சி, சில பேருக்கு வெயிலு ஒத்துக்கிடாது. ஒத்தைத் தலைவலி வந்து ரெண்டு நாளு படுப்பாக. உள்ள வந்து நிக்கச் சொல்லுங்க"ன்னா அன்னத்தாய், என் மூஞ்சியைப் பார்த்து.

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள வாசல்ல இருந்து சத்தம் வந்துச்சு. "அண்ணாச்சி, என் தலை எனக்குத் தெரியும். சில பேரு காலையில ஒண்ணும் சாப்பிடாம பஸ் ஏறி வந்திருக்காக. சுகர் இறங்கி விழுந்தா யாரு தூக்குறது? அதை மொதல்ல கேளுங்க."

"அண்ணாச்சி, நாங்க கம்மங்கூழு குடிச்சிட்டுத்தான் வந்தோம்."

"அண்ணாச்சி, கூழுப் பானை நேத்துக் கவுத்தினபடியே திண்டுல காய்ஞ்சு கிடந்துச்சு. குடிச்ச மாதிரி தெரியல."

ஏன்டா, நான் என்ன கோழியான்னு கேட்க வந்தது எனக்கு. தொண்டை வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டு, என் டிபன் பாக்ஸை அன்னத்தாய் பக்கம் தள்ளிவிட்டேன்.

சொம்புல சாய்ச்ச போன் அப்படியே இருந்துச்சு. கயல் பழக்கத்துல பேனாவை எடுத்தா, என்னமோ எழுதப் போனா, அப்புறம் மூடி வச்சுட்டா. ரெண்டு கையையும் மேசை மேல வச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தா.

"ஆத்தா, கட் பண்ணிரட்டுமா?"ன்னு கேட்டேன்.

"வேணாம் அண்ணாச்சி. கொஞ்ச நேரம் இருக்கட்டும்"ன்னா.