நடு முதுகில் ஒரு தட்டு

வலது கையுறை எளிதாக வந்துவிட்டது. இடது கையுறைதான் வரவில்லை. நனைந்த தோல் விரல்களோடு ஒட்டி, முஷ்டி மடிந்தபடியே இருந்தது. மகள் சோபாவின் பக்கத்தில் மண்டியிட்டு, அப்பாவின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"கத்தரி எங்கம்மா? வெட்டித்தான் எடுக்கணும்."

"வெட்டாத," என்றாள் நாற்காலியில் இருந்த அம்மா. "இருக்கட்டும்."

"ஒரு கையில மட்டும் க்ளவுஸோட எப்படிம்மா..."

"இருக்கட்டும்னு சொல்றேன்ல."

மகள் அம்மாவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கையை மெதுவாகப் போர்வைக்குள் வைத்தாள்.

வெளியே மழை இரண்டாவது நாளாகச் சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. நடுவில் ஆலங்கட்டி விழும்போது போர்டிகோவின் தகரம் படபடத்தது. அங்கே பைக் அவர் நிறுத்திய இடத்திலேயே, ஒருபக்கம் சாய்ந்து நின்றது.

அடுத்த தெருவிலிருந்து வந்த டாக்டரம்மா காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டிருந்தார். "ஹார்ட் அட்டாக்தான். ஆனா திடீர்னு வந்த மாதிரி தெரியல. அரை மணி நேரமாவது வலிச்சிருக்கும். வழியில ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல," என்றாள் அவள். அது பொய்யில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

உடலை எடுத்துப்போக ஆறு மணிக்கு வண்டி வரும் என்றார்கள். அதுவரை கொழுந்தன்தான் பேசிக்கொண்டிருந்தார். மௌனம் அவருக்கு ஆகாது.

"அண்ணி, அண்ணன் நல்ல வெயில் நாள்ல வேலைக்குப் போய் நான் பாத்ததே இல்ல. மழை அடிச்சு ஊத்தினாத்தான் இவருக்கு ஃபோன் வரும். மத்த மெக்கானிக் எல்லாம் ஃபோன ஆஃப் பண்ணிட்டு இழுத்துப் போத்திப்பான். இவர் ஹெல்மெட்ட மாட்டிப்பார். உங்க வீட்டுக்கு மெஷின் ரிப்பேருக்கு வந்தப்பகூட நனைஞ்ச கோழியாத்தானே வந்தார்?"

"தரையெல்லாம் ஈரம் பண்ணினார்," என்றாள் அவள். "நான் திட்டினேன்."

"திட்டிட்டுக் கட்டிக்கவும் செஞ்சீங்க!" கொழுந்தன் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. மூக்கை உறிஞ்சினார். "ஆனா பாருங்க அண்ணி, உங்கள வாசல்ல பத்திரமா எறக்கி விட்டுட்டுத்தான் படியில உக்காந்திருக்கார். கடைசி மூச்சு வரைக்கும் பொறுப்பு. அத நெனச்சு மனச தேத்திக்குங்க."

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி வேகம் குறைந்தது.

அப்படித்தான் தோன்றியது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி கீழே மெல்லத் தளர்வதுபோல. அவள் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். மதியத்திலிருந்து இது எத்தனையாவது முறை என்று தெரியவில்லை.

அவர் தையல் மெஷின் மெக்கானிக். அவள் டைலர். நாற்பது வருடமாக ஒருவரையொருவர் தொழில் பெயரால்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். "என்ன டைலர், ஏறலாமா?" என்பார். "ஓட்டுங்க மெக்கானிக்," என்பாள். இளவயதில் மழை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அறுபதைத் தாண்டிய பிறகு மழை உடம்புக்குள் வரத் தொடங்கியது. முதலில் முழங்காலுக்கு வந்தது. பிறகு விரல்களுக்கு, எஞ்சினில் கையைச் சூடுகாட்டிய பிறகுதான் கிளச்சைப் பிடிக்க முடியும். கடைசியாகக் கண்ணுக்கு வந்தது.

அதை அவளிடம் சொன்ன அன்று, வேறொரு பெண்ணைப் பற்றி ஒப்புக்கொள்பவர்போல் தலையைக் குனிந்துகொண்டார். "மழையில எதுத்தாப்ல வர்ற லைட்டெல்லாம் சிதறுது டைலர். வண்டி எங்க, ரோடு எங்கன்னு புரியல." கண் மருத்துவர் மழையில் ஓட்டவே கூடாது என்றார். அதே வாரம் மகள் கேட்டாள், கண் டாக்டர் என்ன சொன்னார் என்று. "எல்லாம் ஜோரா இருக்காம்," என்றார் அவர். மகள் நம்பாமல் அம்மாவைப் பார்த்தாள். அவள் தலையாட்டினாள்.

அன்று இருவரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, பரீட்சையில் பிட் அடிக்கத் திட்டம் போடும் பிள்ளைகளைப்போல அதை அமைத்துக்கொண்டார்கள். இடது தோளில் தட்டினால் இடப்பக்கம் ஏதோ வருகிறது. வலது தோளில் தட்டினால் வலப்பக்கம். இரண்டு தோளையும் அழுத்தினால் நிற்க வேண்டும். நடு முதுகில் ஒரு தட்டு என்றால், ரோடு காலி, போகலாம். காற்றிலும் ஹெல்மெட்டிலும் பேச்சு கேட்காது, கை கேட்கும். அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடமும், மழை வந்தாலே அவள் தையல் மெஷின் மிதியை நிறுத்திவிட்டு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறிவிடுவாள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு ஒட்டி உட்கார்ந்ததில்லை. வெட்கமாகக்கூட இருந்தது, அந்த வயதில் அந்தச் சந்தோஷம்.

இன்று காலை சீருடை தைக்கும் கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. மோட்டார் நின்று போய் முப்பது பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். போய்ச் சரிசெய்துவிட்டுத் திரும்பும்போது ஒன்றரை மணி. பாலத்தின் மேல் காற்று பக்கவாட்டில் அறைந்தது. அங்கேதான் முதலில் வேகம் குறைத்தார்.

அவள் எட்டிப் பார்த்தாள். எதிரே ஒன்றுமில்லை. நடு முதுகில் தட்டினாள். அவர் போனார்.

பேக்கரித் திருப்பத்தில் மறுபடி குறைத்தார். மறுபடி தட்டினாள். போனார்.

பெட்ரோல் பங்க் அருகே வண்டியை ஓரம் கட்டி, இடது கையைத் தூக்கி மார்பு வரை கொண்டுவந்தார். குளிரில் விரலை மடக்கி நீட்டுகிறார் என்று நினைத்தாள். எதிர்ப்பக்கம் ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகை மழையில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. வீடு இன்னும் பத்து நிமிடம்தான். அவளுக்கு உள்ளாடை வரை நனைந்திருந்தது. இந்த முறை கொஞ்சம் பலமாகவே தட்டினாள். "போங்க, காலியாத்தான் இருக்கு!" என்று கத்தவும் செய்தாள்.

அவர் கையை இறக்கி, கிளச்சைப் பிடித்து, போனார்.

வாசலில் அவள் இறங்கும்வரை வண்டியைக் காலால் தாங்கியிருந்தார். பிறகு ஸ்டாண்டைப் போட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே படியில் உட்கார்ந்தார். அவள் பூட்டைத் திறந்துவிட்டுத் திரும்பியபோது தலை சுவரில் சாய்ந்திருந்தது.

தன் நெஞ்சைவிட அவர் அவளுடைய கையைத்தான் நம்பியிருக்கிறார்.

கொழுந்தன் எழுந்தார். "வண்டிக்காரன் வழி தெரியாம முழிப்பான். நான் தெருமுனைக்குப் போய் நிக்கறேன்." குடையை விரித்துக்கொண்டு போனார்.

கதவு மூடியதும் அறையில் மழைச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. மகள் அப்பாவின் தலைமுடியைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தாள். ஹெல்மெட் அழுத்திய கோடு நெற்றியில் இன்னும் போகவில்லை.

"சித்தப்பா சொல்றது சரிதாம்மா," என்றாள் மகள், திரும்பாமல். "உன்னக் கொண்டுவந்து சேத்துட்டுப் போகணும்னு வலியப் பொறுத்திருக்கார்."

இதை இப்படியே விட்டுவிடலாம். நாளைக்கு வருகிறவர்களிடம் மகள் இதையே சொல்வாள். வருடங்கள் கழித்தும் சொல்வாள். அழகான சாவு. அதைத் தானும் நம்பத் தொடங்கும் நாள்கூட வரலாம்.

நாற்காலி மறுபடி வேகம் குறைந்தது.

"அவர் நிறுத்தினார்," என்றாள் அவள்.

"என்னம்மா?"

"மூணு எடத்துல நிறுத்தப் பாத்தார். நான்தான் போகச் சொன்னேன்."

மகள் திரும்பினாள். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். கண் மருத்துவர் சொன்னது, தான் தலையாட்டியது, தோள், முதுகு, பாலம், பேக்கரி. சொல்லும்போது மகளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. துண்டைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். துண்டு அசையாமல் நின்றுவிட்டது.

"மூணாவது எங்க?" என்று மகள் கேட்டாள்.

"பங்க் கிட்ட."

"ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்லயா?"

தகரத்தின் மேல் ஆலங்கட்டி ஒருமுறை படபடத்து ஓய்ந்தது.

மகள் எழுந்து சமையலறைக்குள் போனாள். ஏதோ இழுப்பறை திறந்து மூடியது. பைக் நிற்கும் பக்கம் பார்க்க நாற்காலியில் இருந்தவளுக்குத் தைரியம் இல்லை. தெருமுனையில் கொழுந்தன் யாரையோ சத்தமாகக் கூப்பிடுவது காற்றில் கேட்டது.

மகள் திரும்பி வந்தபோது கையில் பழைய செய்தித்தாள் கட்டு இருந்தது. அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"காலத் தூக்கு," என்றாள்.

அம்மாவின் காலில் நனைந்த பூட்ஸ் இன்னும் இருந்ததை மதியத்திலிருந்து யாருமே கவனிக்கவில்லை, அவளும்தான். மகள் ஒரு ரப்பர் பூட்ஸை உருவிக் கவிழ்த்தாள். அரை டம்ளர் தண்ணீர் தரையில் கொட்டியது. அடுத்ததையும் உருவினாள். காலுறைகளைச் சுருட்டி இழுத்தாள். பாதங்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவற்றைத் தொடாமல், ஒரு பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்தை உறிஞ்சட்டும் என்று தாள்களைக் கிழித்துக் கசக்கி உள்ளே அடைக்க ஆரம்பித்தாள்.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பூட்ஸ் நிறைந்து, காகிதம் வெளியே பிதுங்கி விழுந்தது. மகள் இன்னொரு தாளைக் கிழித்தாள்.